தில்லி இசைக்கலைஞர்: குடிமரபும் இடப்பெயர்வும் உரிமத்தொகையும்

வினாவும் அதன் பழமையும்

இசையைத் தொழிலாகக் கொண்டவர் தம் குடியோடும் ஊரோடும் ஒட்டி வாழ்வதால் நிலைபெறுகிறாரா, அல்லது புரவலர் இருக்கும் இடம் நோக்கிப் பெயர்வதால் நிலைபெறுகிறாரா என்னும் வினா தமிழ் மரபுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை நீங்கலாக உள்ள நான்கு ஆற்றுப்படை நூல்களும், பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் ஒருவர் வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞரை வள்ளலின் ஊருக்கு வழிப்படுத்தும் அமைப்பில் இயன்றவை. அந்த அமைப்பில் இடப்பெயர்வும் சமூகமும் எதிர்த் திசைகளில் இழுப்பவையாக இல்லை. எந்த ஊருக்கு எந்த வழியே போவது என்று சொல்லித் தருவதே சக கலைஞரின் பங்காக இருக்கிறது. பிற்கால விடைகள் பலவும் இவ்விரண்டையும் பிரித்து ஒன்றை மட்டுமே காரணமாக்க முயன்றதால்தான் தடுமாறின என்று கருத இடமுண்டு.

இக்காலத்தில் இவ்வினாவோடு மூன்றாவது கூறு ஒன்று சேர்ந்திருக்கிறது. உரிமத்தொகை என்பது, ஒரு மெட்டையோ பாடல் வரியையோ ஒலிப்பதிவையோ பிறர் பயன்படுத்த அனுமதிப்பதற்காக அதன் உரிமையாளர் பெறும் கட்டணம். அதில் படைத்தவருக்கும் நிகழ்த்தியவருக்கும் தொடர்ந்து சேரும் பங்கு ராயல்டி எனப்படுகிறது. கச்சேரிச் சன்மானம் கலைஞர் மேடையேறும் நாள்வரைதான் வரும். ராயல்டியோ அவர் இல்லாத ஊரிலும், அவர் மறைந்த பின்னரும் வரக்கூடியது. ஆகவே ஊரும் உறவும் ஒரு கலைஞரின் வாழ்வை எவ்வாறு வடிவமைக்கின்றன என்று கேட்கும்போது, அந்த வாழ்வு முடிந்த பின் எஞ்சும் வருவாய் யாரைச் சேர்கிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வுக்குத் தில்லி பொருத்தமான களம். முதலில் அரசவையாகவும், பிறகு வானொலியாகவும், இன்று நீதிமன்றமாகவும் இசைக்கலைஞரின் பொருளியலைத் தீர்மானித்த நகரம் அது. ஆயினும் இந்தியத் திரையிசையின் மையமாக அது ஒருபோதும் இருந்ததில்லை.

குடிமரபு என்னும் காப்பு

முதல் விடை குடிமரபைச் சார்ந்தது. இந்துஸ்தானி இசையில் கரானா என்பது, குருதி உறவாலும் குரு–சீட உறவாலும் பிணைந்து ஒரு பாணியைத் தலைமுறைகளாகக் காத்துவரும் இசைக்குடும்பத்தைக் குறிக்கும். தில்லியில் களப்பணி செய்து 1980இல் வட இந்திய இசை வாழ்வு பற்றிய நூலை வெளியிட்ட மானிடவியலர் டானியல் நியூமன், கரானா பழங்காலந்தொட்டு மாறாமல் வந்த அமைப்பு என்ற கருத்தை மறுத்து, அரசவைகள் தளர்ந்து கலைஞர்கள் நகரங்களில் ஒருவரோடொருவர் போட்டியிட நேர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சூழலில் உருவான அடையாளம் அது என்று விளக்கினார். இதை ஏற்றால் கரானா இடப்பெயர்வுக்கு மாற்றாகத் தோன்றவில்லை, இடப்பெயர்வின் விளைவாகவே தோன்றியது என்றாகிறது.

வரலாறு இதற்குப் பெரிதும் இசைவாகவே இருக்கிறது. 1739இல் நாதிர் ஷா தில்லியைச் சூறையாடிய பின் முகலாய அவையின் கலைஞர் பலர் கிழக்கே அவத் நோக்கிச் சென்றனர். தில்லித் தபலா மரபின் முன்னோடியாகக் கருதப்படும் சித்தார் கானின் வழிவந்த மோது கானும் பக்ஷு கானும் லக்னோவில் வேரூன்றியதால் அந்நகரின் பெயரில் தனிப் பாணியே பிறந்தது. 1857 எழுச்சிக்குப் பிறகு, பகதூர் ஷா ஜஃபரின் அவைப் பாடகரான தான்ரஸ் கான் இறுதியில் ஹைதராபாத் நிஜாமின் ஆதரவை அடைந்தார். தஞ்சை மராத்திய அரசு 1855இல் முடிவுக்கு வந்ததும் அங்கிருந்த வித்துவான்கள் மைசூர், திருவிதாங்கூர், சென்னை எனச் சிதறியதைத் தமிழ் வாசகர் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஊரை விட்டுப் போனவர்களே ஊர்ப் பெயரைத் தூக்கிச் சென்றனர் என்பது இவ்வரலாற்றின் வேடிக்கை. கிரானா பாணியின் பெரும்புலவர் அப்துல் கரீம் கான், தில்லிக்கு வடக்கேயுள்ள கைரானாவில் பிறந்து, மகாராஷ்டிரத்தின் மிரஜில் குடியேறி, 1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில் சிங்கப்பெருமாள்கோவில் ரயில் நிலையத்தில் உயிர்நீத்தார். அவருடைய பாணியோ தார்வாடு வட்டாரத்தில்தான் மிகச் செழித்தது.

குடிமரபு தரும் காப்பு உண்மையானதே. பயிற்சி, அறிமுகம், திருமண உறவு, நெருக்கடியில் கைகொடுப்பு ஆகிய அனைத்தும் அதற்குள் கிடைக்கின்றன. எனினும் இவ்விடையின் குறைகள் இரண்டு. முதலாவது, காப்பு எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை: தனிப்பாடகரும் தனிவாத்தியக்காரரும் கரானாவின் புகழுக்கு உரியவராக எண்ணப்பட்டபோது, சாரங்கி, தபலா வாசித்த பக்கவாத்தியக் குடியினர் தாழ்ந்த படிநிலையிலேயே வைக்கப்பட்டதை நியூமனே விரிவாகக் காட்டுகிறார். இரண்டாவது குறை இக்கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. குடும்பத்தின் உருப்படிகள் குடும்பத்துக்குப் பொதுவானவை. எதை யார் இயற்றினார் என்பதை எழுதி வைப்பது வழக்கமன்று. முன்னோரின் பெயரில் புதியதைச் சேர்ப்பது அடக்கமாகவே கருதப்பட்டது. அரசவையில் கௌரவம் தந்த இப்பழக்கம், உரிமத்தொகை கேட்கும் நாளில் கலைஞரின் கையை வெறுமையாக விட்டுவிடுகிறது.

மையம் நோக்கிய பெயர்வு

இரண்டாம் விடை பொருளியலாளருடையது. நட்சத்திரக் கலைஞர்களின் வருவாய் பற்றி ஷெர்வின் ரோசன் 1981இல் எழுதிய கட்டுரை, ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் ஒருவரையே பல லட்சம் பேர் கேட்க வழிசெய்வதால், திறனில் சிறிதே மேலானவரும் வருவாயில் பன்மடங்கு மேலாகிவிடுகிறார் என்றது. அதன் பின் ரிச்சர்ட் ஃபுளோரிடாவும் ஸ்காட் ஜாக்சனும் 2010இல் அமெரிக்க இசைத்தொழிலின் நிலவியலை ஆராய்ந்து, நாஷ்வில் நகரம் எவ்வாறு கலைஞர்களைத் தன்பால் குவித்துக்கொண்டது என்று காட்டினர். பதிப்பாளர், பதிவுக்கூடம், உரிமை வசூலிக்கும் சங்கம் ஆகிய மூன்றும் ஒரே நகரில் இருக்கையில், கலைஞர் அங்கே குடியேறுவது அறிவுடைமை என்பது இதன் சாரம்.

இந்தியாவில் அந்த இடம் பம்பாய்க்கு உரியது. தில்லி வானொலியில் எஸ்ராஜ் வாசித்துவந்த ரோஷன், 1948இல் பம்பாய் சென்று இந்தித் திரையிசையமைப்பாளராக உயர்ந்தது இவ்விடைக்கு நல்ல சான்று. ஆனால் பெயர்வுகள் எல்லாம் ஒரே திசையில் நிகழவில்லை. தில்லியின் சாரங்கி மேதை புந்து கான் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் சென்று 1955இல் கராச்சியில் மறைந்தார். அவருடைய பெயர்வைத் தீர்மானித்தது சந்தையன்று. குவாலியரிலிருந்து சரோத் கலைஞர் ஹாஃபிஸ் அலி கானும், லக்னோவிலிருந்து கதக் ஆசான் ஷம்பு மகராஜும் தில்லி நோக்கி வந்தனர். திரையிசையில் பணியாற்றியிருந்த புல்லாங்குழல் கலைஞர் பன்னாலால் கோஷ் 1956இல் பம்பாயை விட்டே தில்லி வானொலிக்கு வந்தார். மையக் கோட்பாட்டின் பெரிய குறை, சென்று வென்றவர்களை மட்டுமே அது எண்ணுவது. சென்று தோற்றவர்கள் எந்த ஆவணத்திலும் பதிவாவதில்லை. அதைவிட முக்கியமாக, பம்பாய் நெடுங்காலம் தந்தது ஒருமுறைக் கூலியே. 1960களின் தொடக்கத்தில் லதா மங்கேஷ்கர் பாடகருக்கு ராயல்டி வேண்டுமென்று வலியுறுத்தியபோது முகமது ரஃபியே அதற்கு உடன்படவில்லை என்பது, மையத்தின் உள்ளேயும் இக்கோரிக்கை எவ்வளவு புதிதாக இருந்தது என்பதைக் காட்டுகிறது.

சம்பளம் தந்த புரவலர்

தில்லிக்கே உரிய மூன்றாம் விடை, அரசு புதிய புரவலராக வந்து வினாவையே தீர்த்துவிட்டது என்பது. 1936இல் தில்லி நிலையம் தொடங்கி, அதே ஆண்டு அகில இந்திய வானொலி என்ற பெயரும் நிலைபெற்றது. 1952இல் உருவான வாத்திய விருந்தா என்னும் தேசிய இசைக்குழுவை ரவிசங்கரும் வயலின் வித்துவான் டி.கே. ஜெயராம ஐயரும் நடத்தினர். வீணைக் கலைஞர் ஈமனி சங்கர சாஸ்திரியும் பின்னர் அக்குழுவின் பொறுப்பில் இருந்தார். 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், குரல் தேர்வு நடத்திக் கலைஞர்களைத் தரம் பிரிக்கும் முறையை நாடெங்கும் பரப்பினார். கரானாவின் சான்றுக்குப் பதிலாக நிலையத்தின் தரச் சான்று வந்தது. குடிப்பிறப்பு இல்லாதவருக்கும் வாசல் திறந்தது.

தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களுக்கும் இந்த அரசு நகரம் ஒரு வாழ்வை அமைத்துத் தந்தது. செயலகப் பணிக்கு வந்து கரோல் பாகில் குடியேறிய குடும்பங்கள் சபாக்களையும், 1946இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கத்தையும் தாங்கின. 1960இல் உருவான தில்லிப் பல்கலைக்கழக இசைப் புலத்தில் டி.ஆர். சுப்பிரமணியம் போன்றோர் கர்நாடக இசையைக் கற்பித்தனர். ரசிகர் கூட்டமும் மாதச் சம்பளமும் ஒருங்கே அமைந்த இத்தகைய நகரங்கள் அக்காலத்தில் மிகச் சில.

ஆயினும் சம்பளம் உரிமையன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாதவரை, அரசின் பணியாக உருவான படைப்புக்கு அரசையே முதல் உரிமையாளராக்குகிறது. கேஸ்கர் திரையிசையை ஒதுக்கியதும் நேயர்கள் இலங்கை வானொலிக்குத் தாவினர் என்பது பலரும் அறிந்த கதை. அந்தக் காலத்தில் வளர்ந்த இசைச் சந்தையோடு தில்லி நிலையக் கலைஞர்களுக்கு உறவே ஏற்படாமல் போனது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கேசட்டும் இணையமும்

தொழில்நுட்பம் ஊரின் முக்கியத்துவத்தை அழித்துவிடும் என்னும் நான்காம் விடை ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகச் சொல்லப்படுகிறது. பீட்டர் மானுவல் 1993இல் வெளியிட்ட நூல், மலிவான கேசட் வட இந்திய வட்டார இசைக்குச் சிறு தயாரிப்பாளர்களை உருவாக்கித் தந்ததை விளக்கியது. ஆனால் அந்த அலையில் எழுந்த பெரிய நிறுவனமான டி-சீரிஸ், தில்லியின் தரியாகஞ்சிலிருந்து வளர்ந்தது. பழைய பாடல்களை வேறு குரல்களில் பாடவைத்து விற்கும் முறைக்குச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் அப்போதிருந்த சலுகையே துணைநின்றது. முதல் பதிவுக்குப் பின் இரண்டாண்டு கழிந்தால், அறிவிப்புக் கொடுத்து நிர்ணயித்த சிறு தொகையைச் செலுத்தி மறுபதிவு செய்யலாம் என்பதே அச்சலுகை. 2012 திருத்தம் இக்காலத்தை ஐந்தாண்டாக நீட்டியது.

இணையக் காலத்துக்குத் தில்லியிலேயே இரு சான்றுகள் உண்டு. 1990இல் உருவான இந்தியன் ஓஷன் குழு, கரோல் பாகில் தான் பயிற்சி செய்த வீட்டின் முகவரியான 16/330 கஜூர் ரோடு என்பதையே பெயராகக் கொண்ட தொகுப்பை 2010இல் இலவசமாகப் பதிவிறக்கத் தந்தது. பதிவு விற்பனையைக் கைவிட்டு மேடை வருவாயை நம்பிய முடிவு அது. தில்லியில் பாடத்தொடங்கிய பிரதீக் குஹாட், 2020இல் அமெரிக்காவின் எலெக்ட்ரா நிறுவனத்தோடு ஒப்பந்தமானார். கேட்பவர் எங்கும் இருக்கலாம், ஒப்பந்தம் எழுதும் மேசை மட்டும் சில நகரங்களில்தான் இருக்கிறது என்றே இவை உணர்த்துகின்றன.

சட்டம் யாரைப் படைப்பாளி என்கிறது?

இதுவரை கண்ட விடைகள் அனைத்தும் தொழில்வாழ்வை ஓரளவு விளக்குகின்றன. உரிமத்தொகையை அவை விளக்கவில்லை. அதற்குச் சட்டத்தின் சொற்களையே பார்க்க வேண்டும். 1957 சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது, எழுத்திலோ வரைவிலோ பதிந்த இசை மட்டுமே இசைப்படைப்பு என வரையறுத்தது. வாய்வழி கற்று வாய்வழி தரும் துருபத், கியால் கலைஞர்களும், பாடாந்தரத்தை நம்பிய கர்நாடக வித்துவான்களும் இவ்வரையறைக்கு வெளியே நின்றனர் என்றே சொல்ல வேண்டும். 1994இல் இயற்றப்பட்டு 1995இல் நடைமுறைக்கு வந்த திருத்தமே எழுத்து வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. நிகழ்த்துவோர் உரிமையும் அதே திருத்தத்தின் வழியே நுழைந்தது.

திரையிசையில் தடை வேறு வகையானது. 1969இல் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோருக்காக இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் தோன்றியது. ஆனால் 1977இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் பணம் கொடுத்து உருவாக்கச் செய்த திரையிசைக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், அவரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்போடு உடன்பட்டுத் தனிக் குறிப்பு எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடகருக்கு எந்த உரிமையும் இல்லாத நிலையைச் சுட்டி நாடாளுமன்றத்தின் கவனத்தைக் கோரினார். 35 ஆண்டுகளுக்குப் பின் வந்த 2012 திருத்தம், திரைக்கு வெளியே நிகழும் பயன்பாட்டில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் சமபங்கு ராயல்டி பெறுவர் என்றும், வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ அன்றி அதை விட்டுக்கொடுக்க இயலாது என்றும் வகுத்தது. 2013இல் பாடகர்களுக்கான சங்கம் உருவாகி, தங்கள் பாடல்களை ஒலிக்கச்செய்த மதுக்கூடங்கள்மீது 2016இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் சாதகமான ஆணைகளைப் பெற்றது.

இத்தனைக்கும் பிறகு ஒரு நுண்ணிய விதி எஞ்சுகிறது. திரைப்படத்தில் தற்செயலாகவோ இடையீடாகவோ நிகழ்த்தி, நன்றியறிவிப்புப் பட்டியலில் பெயர் இடம்பெறாதவர், தார்மிக உரிமைக்கு அன்றி வேறெதற்கும் சட்டப்படி நிகழ்த்துநர் ஆகமாட்டார். பதிவுக்கூடத்தில் சாரங்கி வாசித்தவர், கூட்டுக்குரல் கொடுத்தவர் ஆகியோரின் நிலை, இவ்விதியால், பட்டியலைத் தட்டச்சு செய்பவரின் கவனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஊர் பெயர்வதன் பயன் ஒருவேளை இங்கேதான் இருக்கக்கூடும்: பெயர் எழுதப்படும் நேரத்தில் அருகில் இருப்பது. பதிப்புரிமை அலுவலகம் தில்லியின் துவாரகாவில் இருந்தும், உரிமை வசூலிக்கும் சங்கங்கள் மும்பையில் இயங்குவது இந்தத் தொலைவை இன்னும் கூட்டுகிறது.

டாகர் குடும்பமும் ‘பொன்னியின் செல்வன்’ வழக்கும்

இவ்வினாவின் எல்லா இழைகளும் ஒரே வழக்கில் வந்து முடிச்சிட்டன. துருபத் என்னும் பழமையான பாட்டுமுறையைக் காத்த டாகர் குடும்பம், ஜெய்ப்பூர், உதய்ப்பூர், இந்தூர் முதலிய சமஸ்தானங்களின் ஆதரவில் வாழ்ந்து, சமஸ்தானங்கள் மறைந்ததும் தில்லி, கொல்கத்தா, பம்பாய், போபால் எனப் பிரிந்தது. தில்லியில் நிலைத்த நாசிர் ஜாஹிருதீன், நாசிர் ஃபையாஸுதீன் ஆகிய இளைய டாகர் சகோதரர்கள் 1970களில் அடானா ராகத்தில் அமைந்த சிவஸ்துதியைப் பாடிவந்தனர். நெதர்லாந்திலும் அது ஒலித்து, அங்கே இசைத்தட்டாகவும் வெளிவந்தது. 2023இல் வெளியான மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன் 2’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் அமைத்த ‘வீரா ராஜ வீரா’ பாடல் அதன் நகல் என்று, ஃபையாஸுதீனின் மகன் வாசிஃபுதீன் டாகர் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

சிவஸ்துதி எவரும் கையாளக்கூடிய மரபுப்பொருள் என்றும், தமது பாடல் 227 அடுக்குகள் கொண்ட தனிப்படைப்பு என்றும் ரஹ்மான் தரப்பு வாதிட்டது. 2025 ஏப்ரல் 25 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் இடைக்கால ஆணையில் இரு படைப்புகளும் மையத்தில் ஒன்றே எனக் கண்டு, டாகர்வாணி மரபு என்று பொதுப்படக் குறித்த நன்றியறிவிப்பை இரு சகோதரரின் பெயர்களோடு திருத்தவும், 2 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் செலுத்தவும் பணித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று நீதிபதிகள் சி. ஹரிசங்கர், ஓம் பிரகாஷ் சுக்லா ஆகியோரின் அமர்வு அவ்வாணையை நீக்கியது. ஒரு படைப்பை நிகழ்த்தினார் என்பதே அதை இயற்றினார் என்பதற்குச் சான்றாகாது என்பது அவ்வமர்வின் அடிப்படை. நகலா இல்லையா என்ற வினாவுக்குள் அது நுழையவேயில்லை. இரண்டும் இடைக்கால நிலையில் எழுந்தவை என்பதால் இறுதி முடிவாக அவற்றைக் கொள்வதற்கில்லை.

ஆய்வாளருக்கு இவ்வழக்கில் வெற்றி தோல்வியைவிட அந்த நன்றியறிவிப்பு வரி முக்கியமானது. மரபுக்குப் பெயர் சூட்டியபோது குடும்பத்துக்கு மதிப்புக் கிடைத்தது, தொகை கிடைக்கவில்லை. மனிதருக்குப் பெயர் சூட்டினால்தான் தொகைக்கு வழி பிறக்கும். ஆனால் பல தலைமுறைகளாக மரபின் பெயரையே முன்னிறுத்திய குடும்பம், அதிலிருந்து ஒரு தனிமனிதரின் படைப்பைப் பிரித்துக்காட்ட நேரும்போது தன் புகழின் அடிப்படையையே எதிர்வாதமாகச் சந்திக்கிறது. மெய்ப்பிக்கும் சுமை இங்கே செல்வச் செழிப்புள்ள திரைத்துறையைவிட வாய்வழி மரபின்மீதே கனமாக விழுகிறது என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. அதேவேளை, அச்சுமையை முழுதும் நீக்கினால் ராகத்தின் பொதுவழியில் நடப்பவர் அனைவரும் யாரேனும் ஒரு குடும்பத்துக்குக் கடன்பட்டவராகிவிடும் அபாயத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

எஞ்சும் வினாக்கள்

குடிமரபு கலைஞரை உருவாக்குகிறது, இடப்பெயர்வு அவரைச் சந்தைக்குக் கொண்டுசெல்கிறது என்ற அளவில் பழைய விடைகள் செல்லும். உரிமத்தொகை, இவ்விரண்டையும் கடந்து, யார் எதை இயற்றினார் என்ற பதிவைச் சார்ந்திருக்கிறது. அப்பதிவைச் செய்யவேண்டியவர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமன்று. ஆகாசவாணியின் பழைய ஒலிநாடாக்கள் பல குடும்பங்களுக்கு முதல் சான்றாகக்கூடும் எனினும், அவற்றில் இயற்றியவர் பெயர் எந்த அளவுக்கு நம்பத்தக்க முறையில் குறிக்கப்பட்டுள்ளது என்பது தனி ஆய்வுக்கு உரியது. ஒரு பரம்பரைக்குக் கூட்டாக உரிமை தரும் ஏற்பாடு வரலாமா என்பது அடுத்த வினா. வந்தால், பல நகரங்களில் பிரிந்து வாழும் கிளைகளுக்குள் பங்கு எப்படி, குருதி உறவு இல்லாத சீடருக்குப் பங்கு உண்டா, தலைமுறைகளாகப் பக்கத்தில் அமர்ந்து வாசித்த தபலா, சாரங்கிக் குடும்பங்கள் அதில் எங்கே நிற்கும் என்பவை உடன் எழும். தனிப்படைப்பாளருக்கு வாழ்நாளும் அதன்மேல் 60 ஆண்டும் என்று காலம் வகுத்த சட்டம், கூட்டுரிமைக்கு எந்த நாளிலிருந்து கணக்குத் தொடங்கும் என்பதற்கு இதுவரை விடை தரவில்லை.